பத்தொன்பது படிகளின் வருகைப் பதிவு

அளவுக்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர் நீர்த்தேக்கத்தில் முப்பத்துநான்கு ஆண்டு வேலை பார்த்தார். வேலை இதுதான்: காலை ஆறு மணி, நண்பகல், மாலை ஆறு மணி என்று மூன்று வேளையும் கரையோரத்தில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதைப் பேரேட்டில் எழுதுவது. விடுப்பில் போன அறுபத்தொரு நாளைக் கழித்தால் மொத்தம் 37,071 முறை எழுதியிருக்கிறார். ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் கிடையாது. இதைச் சொல்லிவிட்டு, கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள் என்று காத்திருப்பார். அவர்களோ, "அந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்பார்கள். அது அவருக்குத் தெரியாது. பேரேட்டில் அதற்கான கட்டம் இல்லை. இத்தனை ஆண்டில் ஒரு தடவைகூட அந்தத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை என்பதையும் ஒரு சாதனை போலவே சொல்வார்.

ஓய்வு பெற்ற மறு வாரமே வீட்டில் அளவெடுக்க ஆரம்பித்தார். பால் பொங்க ஆகும் நிமிடம், ஒரு நாளில் ஃபிரிட்ஜ் கதவு திறக்கப்படும் எண்ணிக்கை, குளியலறைக் குழாய் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு. எல்லாவற்றுக்கும் தனித்தனி நோட்டு. நாற்பது நாள் பொறுத்துக்கொண்ட மனைவி, நாற்பத்தொன்றாம் நாள் அடுப்புக்கு முன்னால் கடிகாரமும் கையுமாக நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் என்ன ஏரித் தண்ணியா, காலைலயும் சாயங்காலமும் அளவெடுக்க?"

அவர் அதையும் தேதி, நேரத்தோடு எழுதிவைத்தார்.

அந்த வீட்டில் இன்னொருவனும் இருந்தான். மனைவியின் தம்பி. வெளியூர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு மத்தியான வேளையில் நாற்பத்துமூன்று பயணிகளோடு போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, நடந்தே அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அதற்கப்புறம் ஒரு வருஷம் பதினோரு மாதம் வாசலைத் தாண்டவில்லை. ஏன் என்று கேட்டால், "தெரியலை அத்தான்" என்பான். ஆக ஒருவர் அறையை விட்டு வெளியே வர மாட்டார், இன்னொருவர் அடுப்படியை விட்டு வெளியே போக மாட்டார். நடுவில் மாட்டிக்கொண்டது மனைவி. ஒரு நாள் மாலை அவள் இரண்டு பேரின் செருப்பையும் எடுத்து வாசலில் வைத்தாள். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில், மனசு சரியில்லாதவர்கள் போய் உட்காரும் இடம் ஒன்று இருக்கிறதாம், தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு ஆறு மணிக்குத்தான் திரும்பி வர வேண்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். யாருக்காக அனுப்பினாள் என்பதை அளவுக்காரர் கேட்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. வீட்டிலிருந்து அந்த இடம் நடையில் இருபத்திரண்டு நிமிடம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

அந்த மாடியறையை நடத்தியது ஒரு சின்ன அறக்கட்டளை. தலைமை ஒரு நர்சம்மா. மனநல வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரியாகி வீட்டுக்குப் போனவர்கள் பேச ஆளில்லாமல் மூன்றே மாதத்தில் திரும்பி வந்து படுப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அக்கம்பக்கத்தில் எட்டுப் பேரைச் சேர்த்து இதை ஆரம்பித்திருந்தார். பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், ஒரு மின்கெட்டில், காற்றைவிடச் சத்தம் அதிகம் தரும் மின்விசிறி, தடுப்புக்குப் பின்னால் ஆலோசகருக்கு ஒரு மேசை. இதற்கெல்லாம் பணம் தருவது நகராட்சி. நகராட்சி தானே ஆள் வைத்து இந்த வேலையைச் செய்வதில்லை. அந்தந்த வட்டாரத்து அறக்கட்டளைகளைக் கூப்பிட்டு, இத்தனை பேருக்கு இன்ன உதவி செய்யுங்கள், இவ்வளவு தருகிறோம் என்று ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் போடும். செய்ததை எழுத்தில் காட்டினால் அடுத்த ஆண்டும் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

முதல் நாள் மச்சினன் ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அளவுக்காரரால் உட்கார முடியவில்லை. காரணம், வாசலில் கிடந்த வருகை நோட்டு. இரண்டு தேதிகள் விடுபட்டிருந்தன. ஒரு பக்கத்தில் டீ டம்ளர் வட்டம். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவர் எண்ணிக்கை என்ற இடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் 'நிறைய பேர்' என்று எழுதியிருந்தார்.

"நிறைய பேர்னா எத்தனை பேரும்மா?" என்று நர்சம்மாவிடம் போய்க் கேட்டார்.

"நிறையன்னா நிறையதான் ஐயா. நீங்க முதல்ல உக்காருங்க."

உட்காரவில்லை. நோட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, புது நோட்டாக மறுநாள் கொண்டுவந்து வைத்தார். அன்று முதல் அவர்தான் அந்த இடத்தின் பதிவாளர். யாரும் நியமிக்கவில்லை. தடுக்கவும் ஆளில்லை.

அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புது மாதிரியாக வந்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் பதிவு எண் தர வேண்டும். ஆலோசகரோடு பன்னிரண்டு அமர்வு. முதல் அமர்விலும் கடைசி அமர்விலும் பத்துக் கேள்வி கொண்ட தாள் ஒன்றை நிரப்பி மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் ஐந்தாவது குறைந்திருந்தால் அவர் கணக்கு நிறைவு. நிறைவு பெற்றவர் அதற்குப் பின் அறைக்கு வரக் கூடாது, இடம் அடுத்தவருக்கு. இப்படி ஆண்டுக்கு நாற்பது பேர்.

படித்துப் பார்த்த நர்சம்மா, காயத்துக்குக் கட்டுப் போட்டால் தேதி பார்த்துப் பிரிக்கலாம், இதைத் தேதி பார்த்துப் பிரிக்க முடியாது என்றார். தலைமை என்பதால் கையெழுத்தும் அவரே போட்டார், வேறு வழி இல்லை. ஆலோசகர் சின்னப் பெண். கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். விட்டதை எந்தக் கட்டத்தில் எழுதுவது, பிடித்ததை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அளவுக்காரர் கேட்டார். அவருக்கு அந்த ஒப்பந்தம் அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. தண்ணீருக்கு முடிவே கிடையாது, நாளைக்கும் ஏறும், இறங்கும். இங்கே ஒரு வரி முடிகிறது. முடிந்ததும் அடியில் கோடு போடலாம். தன் செலவில் 'நிறைவு' என்று ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டு வந்தார். நீல மை. ஓரத்தில் மெல்லிய சட்டம் வேறு.

மச்சினனின் பதிவு எண் ஒன்பது. முதல் தாளில் இருபத்தொன்று, பன்னிரண்டாவது அமர்வில் பதினைந்து. அளவுக்காரர் கூட்டலை இரண்டு தடவை சரிபார்த்தார். ஆறு குறைந்திருந்தது, தேவைக்கு ஒன்று மேலேயே. முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, நேராக வைத்து அழுத்தினார்.

"உனக்கு முடிஞ்சிடுச்சுப்பா" என்றார்.

"சரி அத்தான்" என்றான் மச்சினன்.

மறுநாள் இரண்டு முப்பத்தெட்டுக்கு வழக்கம்போலச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். முடிந்துவிட்டது என்று அவர் நினைவுபடுத்தினார். அவன் தலையாட்டினான், கூடவே நடந்தான். கட்டடத்துக்கு வந்ததும் அவர் ஏறினார், அவன் மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டான். "உள்ள வரலை அத்தான். படிக்கட்டு உங்க ரூம்ல சேராதே" என்றான். அளவுக்காரர் மேலே போய் ஒப்பந்தத்தைப் புரட்டினார். சேராதுதான். படிக்கட்டு கட்டட உரிமையாளரான ஜெராக்ஸ் கடைக்காரருக்குச் சொந்தம். விதிமீறல் எதுவும் இல்லை. ஆனால் கண்ணுக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவன் எந்த நோட்டிலும் இல்லை. அது எப்படிச் சரியாகும்? பையிலிருந்து எண்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து முதல் வரியை எழுதினார்: படி 3, மச்சினன், 3.02 முதல் 6.00 வரை.

நான்கு நாள் கழித்து, அங்கே வந்துகொண்டிருந்த ஒரு தையல்காரிக்கு முத்திரை விழுந்தது. மறுநாள் அவள் ஐந்தாவது படியில் இருந்தாள். அப்புறம் ஒரு காவலாளி, அப்புறம் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். முத்திரை விழ விழ படி நிறைந்தது. குறிப்பெடுக்கத் தோதாக அளவுக்காரர் சாக்பீஸால் படிகளுக்கு எண் போட்டார். கீழே பதினொன்று, நடுவில் திருப்பம், மேலே எட்டு, ஆக மொத்தம் பத்தொன்பது. சில நாள் ஒரே நேரத்தில் பதினான்கு பேர் வரை இருந்தார்கள். தையல்காரி காவலாளியின் சட்டைக் கையை அங்கேயே வைத்துத் தைத்துக் கொடுத்தாள். வாத்தியார் யாரிடமோ மனம்விட்டு அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, மீதிக் கதையைச் சொன்னார். மச்சினன், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கு எந்த ஊருக்கு எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று எழுந்து நின்று வழி சொன்னான். மேலே அறையில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அளவுக்காரருக்கு மாடியில் இருபது நிமிட வேலைதான் மிச்சம். அதை முடித்துவிட்டு இறங்கி வந்து, திருப்பத்துக்கு மேலே பன்னிரண்டாவது படியில் உட்காருவார். அங்கிருந்து பார்த்தால் எல்லாப் படியும் தெரியும். கண்காணிப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். படியில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும் எழுத வேண்டும் என்பதால் தன்னையும் எழுதிக்கொண்டார்: படி 12, பதிவாளர். ஒரு நாள் தையல்காரி பேச்சுவாக்கில் கேட்க, ஒரு கோடையில் தண்ணீர் வற்றி அளவுகோலின் கடைசிக் கோட்டுக்கும் கீழே போனதைச் சொன்னார். எழுத எண் இல்லாமல், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கரையில் நின்றாராம். அப்புறம் என்ன பண்ணினீர்கள் என்று அவள் கேட்டாள். 'அளவுக்குக் கீழே' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய், இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்றார். இதை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. ஆனாலும் அது கண்காணிப்புதான் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

படிக்கட்டு விஷயம் மனைவிக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது. தம்பியின் கால்சட்டைப் பின்பக்கம் மட்டும் ஏன் இப்படித் தேய்கிறது என்று அவள் கேட்க, அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"என் தம்பியப் பேப்பர்ல குணமாக்கிட்டு, படிக்கட்டுல உக்கார வெச்சிருக்கீங்க."

மதிப்பெண் ஆறு குறைந்ததை அவர் எடுத்துச் சொன்னார். அதற்கப்புறம் நான்கு நாள் அவள் அவரோடு பேசவில்லை. வீட்டு நோட்டில் 'பேச்சு: இல்லை' என்று நான்கு வரி விழுந்தது.

ஆண்டு முடியும் நேரத்தில் நகராட்சியிலிருந்து ஓர் அம்மையார் ஆய்வுக்கு வந்தார். அளவுக்காரர் அன்று இஸ்திரி போட்ட சட்டை. அதிகாரி மாடிக்கு ஏறும்போது, "கொஞ்சம் வழி விடுங்க" என்று பதினோரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். நாற்பது கேட்டோம், நாற்பத்தாறு முடித்திருக்கிறீர்கள் என்றார். இவ்வளவு சுத்தமான பதிவேட்டைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். அளவுக்காரர் அடக்கமாகச் சிரித்தார். முப்பத்துநான்கு ஆண்டு காத்திருந்த வார்த்தை அது.

அதிகாரி பக்கத்தைப் புரட்டினார். "காத்திருப்போர் பட்டியல்ல யாரும் இல்லை. வந்தவங்க எல்லாம் நிறைவு. இந்த மூணு மாசத்துல புதுசா ரெண்டே பேர். உங்க பதிவுப்படி இந்த வட்டாரத்துல தேவை தீர்ந்துடுச்சு சார். பணத்தை வேற வட்டாரத்துக்கு மாத்தச் சொல்லி எழுதப் போறேன்."

அளவுக்காரருக்கு உடனே புரியவில்லை. நீர்த்தேக்கத்துப் பேரேடு மாதம் ஒரு முறை மேலிடத்துக்குப் போகும், வரும். அதை ஒருவரும் படித்ததில்லை, படித்திருந்தாலும் ஒன்றும் செய்ததில்லை. இங்கே ஒருவர் வந்து, அவர் எழுதியதை வரி வரியாகப் படித்து, அப்படியே நம்பிவிட்டார். நம்பியதால் கடையைச் சாத்தப் போகிறார்.

அப்போ படியில் இருக்கிறவர்கள் என்று நர்சம்மா ஆரம்பித்தார். அவர்கள் யார் என்று அதிகாரி கேட்டார். அறையில் இருந்த எல்லோரும் அளவுக்காரரைப் பார்த்தார்கள்.

"நிறைவு பெற்றவங்க மேடம்" என்றார் அவர்.

"நிறைவு பெற்றவங்க ஏன் படியில உக்காந்திருக்காங்க?"

"படி எங்க பொறுப்புல வராது மேடம்."

உண்மைதான். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. அதிகாரி கெட்ட மனுஷி இல்லை. வாய்ச்சொல்லை வைத்துத் தன்னால் எதுவும் செய்ய முடியாது, எழுத்தில் ஆதாரம் ஏதாவது இருந்தால் பதினைந்து நாளுக்குள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, மறுபடி பதினோரு தடவை வழி கேட்டு இறங்கிப் போனார்.

நர்சம்மா நாற்காலியில் சாய்ந்தார். எழுத்தில் என்ன இருக்கிறது நம்மிடம், இந்த முத்திரையைத் தவிர என்றார். ஆலோசகர் முகத்தைக் கழுவப் போய்விட்டாள். அளவுக்காரரின் தோள்பையில் படிக்கட்டு நோட்டு இருந்தது. நூற்று நாற்பத்துமூன்று வேலை நாட்கள், 1,218 வரிகள். பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்பதற்கு அவரிடம் நல்ல காரணங்கள் இருந்தன. அது அதிகாரபூர்வமான நோட்டு இல்லை. சாக்பீஸ் எண்ணுக்குச் சட்டமதிப்பு கிடையாது. உண்மைக் காரணத்தை அவர் தனக்கே சொல்லிக்கொள்ள ஆறு நாள் பிடித்தது: அந்த நோட்டைக் காட்டினால், பதிவேட்டில் உள்ள முத்திரைகள் தப்பு என்று ஆகும். 37,071 முறை தப்பில்லாமல் எழுதிய கை, தன் செலவில் முத்திரை வாங்கி வந்து, சட்டம் போட்டு, நேராக அழுத்தி, தப்பாக எழுதியிருக்கிறது.

ஏழாம் நாள் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மாடியை வேறு ஆளுக்கு வாடகைக்கு விட வேண்டியதுதான், அப்போது படிக்கட்டுக்குக் கீழே கதவு போட்டுப் பூட்டச் சொல்வார்கள் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். ஆறு மணி ஆனது. மச்சினன் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த மாசத்துல இருந்து நான் எங்க அத்தான் போறது?"

அளவுக்காரர் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வீட்டிலேயே இருக்கலாமே என்று சொல்ல வந்தார். ஒரு வருஷம் பதினோரு மாதம் நினைவுக்கு வந்தது.

"அன்னிக்கு பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கினேன் இல்ல" என்றான் மச்சினன். "நாப்பத்துமூணு பேர் இருந்தாங்க. ஒருத்தர்கூடத் திட்டலை. இறங்கி, ரோட்டோரமா வரிசையா நின்னாங்க. வேற வண்டி வரும்னு எவனோ சொல்லியிருப்பான், நம்பி நின்னாங்க. திரும்பிப் பாத்தேன், அப்படியே நிக்கிறாங்க. நானும் அப்படித்தான் அத்தான். நீங்க இறக்கி விட்ட இடத்துலயே நிக்கிறேன்."

அவன் எத்தனை நிமிடம் பேசினான் என்று அளவுக்காரர் கடிகாரம் பார்க்கவில்லை.

அவரிடம் சிவப்புப் பேனா கிடையாது. தேவைப்பட்டதே இல்லை. ஜெராக்ஸ் கடையில் இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டை விரித்தார். படிக்கட்டு நோட்டோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டார். நிறைவு பெற்ற நாற்பத்தாறு பேரில் இருபத்தொன்பது பேர் படிக்கு வந்திருந்தார்கள். இருபத்தொன்பது முத்திரைகளின் மேலும் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். காரணம் எழுத வேண்டுமே. முதலில் 'ஒப்பந்த நிபந்தனையின் விளைவு' என்று எழுதினார். பார்த்தார். நிபந்தனை தானாக முத்திரை வாங்கி வந்ததா என்ன? அதையும் அடித்தார். திருத்தத்திலேயே ஒரு திருத்தம். பிறகு 'பதிவாளரின் பிழை' என்று இருபத்தொன்பது இடத்திலும் எழுதினார். எழுதி முடிக்கும்போது கையெழுத்து கொஞ்சம் சரிந்துதான் இருந்தது.

டீ கொண்டுவந்த மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மொத்தமும் உங்கள் தப்பா என்று கேட்டாள். மொத்தமும் இல்லை, பதினேழு பேர் நிஜமாகவே நன்றாகிவிட்டார்கள் என்றார் அவர். அவள் ஒன்பதாம் எண்ணைத் தேடி விரலை வைத்தாள்.

"இத்தனை வருஷமா நீங்க எழுதினதுல இதுதான் உருப்படி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் நோட்டு ஜெராக்ஸுக்குப் போனது. பக்கம் பக்கமாக எடுத்த கடைக்காரர், என் படிக்கட்டு இவ்வளவு வேலை பார்த்திருக்கிறதா என்று அடிக்கடி நின்று நின்று படித்தார். நர்சம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இது ஏழு நாளாக எங்கே இருந்தது என்று கேட்டார். பையில் என்றார் அளவுக்காரர். நர்சம்மா வார்டில் பழகிய ஆள். கத்தவில்லை. பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார், அதுவே போதுமானதாக இருந்தது. பதினோராம் நாள், நோட்டும் திருத்திய பதிவேடும் சேர்ந்த நகல் கட்டு நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

பத்தொன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. ஓர் ஆண்டு இல்லை, ஆறு மாதம். அதற்குள் பன்னிரண்டு அமர்வுக்குப் பின்னும் வருகிறவர்களை எப்படிக் கணக்கில் கொள்வது என்று நகராட்சி யோசிக்கும். அதுவரை நிறைவு பெற்றவர்களும் அறைக்குள் வந்து உட்காரலாம். ஒரே ஒரு நிபந்தனை: படிக்கட்டு நோட்டில் உள்ள அனைவரும் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். விடுபட்டால் ஒப்பந்தம் செல்லாது. அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. நர்சம்மா அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"படி பன்னிரண்டில் 141 நாட்கள் அமர்ந்திருக்கும் 'பதிவாளர்' என்பவருக்குப் பதிவு எண் ஏன் இல்லை?"

அளவுக்காரர் எழுந்து நின்று விளக்கம் சொன்னார். அது கண்காணிப்பு. கடமை. 143 நாளில் இரண்டு நாள் காய்ச்சல், எழுதிவிட்டு உட்காராமல் போய்விட்டார், இல்லாவிட்டால் 143ம் உட்கார்ந்திருப்பார். கடமை இருபது நிமிடத்தில் முடிகிறதே, மிச்ச நேரம் படியில் என்ன வேலை என்று நர்சம்மா கேட்டார். தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கடிதத்தை வாங்கி நிபந்தனையை மறுபடி படித்தார். அனைவரும் என்றுதான் இருந்தது. பதிவாளர் நீங்கலாக என்று எங்கும் இல்லை. அவர் எழுதியிருந்தால் நிச்சயம் அப்படித்தான், ஓட்டையில்லாமல் எழுதியிருப்பார்.

ஆகவே அவர் முதல் தடவையாகத் தடுப்புக்குப் பின்னால் போய் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். ஆலோசகர் பத்துக் கேள்வித் தாளை எடுத்தாள். மனப்பாடமாகத் தெரிந்த தாள்தான், எத்தனை தடவை கூட்டியிருப்பார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு தாளாக இருந்தது.

"சின்னச் சின்ன விஷயங்கள் மனசை விட்டுப் போகாம தொந்தரவு பண்ணுதா? எப்பவும், அடிக்கடி, எப்பவாவது, இல்லவே இல்லை?"

"அடிக்கடின்னா வாரத்துக்கு எத்தனை தடவைன்னு வெச்சுக்கறது?"

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். மச்சினன்தான். அவன் சிரித்து இரண்டரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, சத்தம் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

அளவுக்காரர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. "எப்பவும்னே போட்டுக்கம்மா" என்றார்.

மொத்த மதிப்பெண் பத்தொன்பது. பதிவு எண் நாற்பத்தொன்பது. தன் வரியைத் தானே எழுதக் கூடாது என்று நர்சம்மா பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டார். இதுவரை வந்த நாட்கள் என்ற கட்டம் வந்ததும் கொஞ்சமும் யோசிக்காமல் 'நிறைய' என்று எழுதி மூடினார். நூற்று நாற்பத்தொன்று என்று அளவுக்காரர் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். நர்சம்மா கெட்டிலில் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு நடந்த இருபத்திரண்டு நிமிடமும் அவர் அதைப் பற்றியேதான் பேசினார். கட்டம் இருக்கிறது, எண் இருக்கிறது, எழுத என்ன கஷ்டம் என்று கேட்டார். பேச்சு மும்முரத்தில் நடை தளர்ந்து இருபத்தாறு நிமிடம் ஆகிவிட்டது. மச்சினன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தான். தெருமுனை திரும்பும்போது, "நாளைக்கும் பேசலாம் அத்தான், உங்களுக்கு இன்னும் பதினொரு அமர்வு இருக்கு" என்றான்.